சூலூரில் இறங்கிய கடற்பருந்துகள்

மரக்காணத்து உப்பளக் கரையில் நின்றால் கிழக்கே வங்கக் கடல்; பின்னால் பக்கிங்காம் கால்வாயின் தென்முனையும் கழுவேலிச் சதுப்பும். சங்க இலக்கியம் சொல்லும் எயிற்பட்டினம் இதுவே என்று கொள்வாரும் உளர். வடக்கே சென்னை, தெற்கே புதுச்சேரி என நீளும் இந்தக் கரையின் கடலில் கடந்த நூற்றாண்டில் பகைக்கலங்கள் உலவியதுண்டு. அவற்றுள் ஒன்றைத் தமிழ் மறக்கவில்லை. மற்றொன்றைத் தமிழ் அறியவே இல்லை.

மறக்காதது எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியரின் அந்தப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டு, பின்னர் தெற்கே புதுச்சேரிக் கடல் வழியாகச் சென்றது. குண்டுவீச்சு அரைமணி நேரம்கூட நீடிக்கவில்லை. ஆயினும் 'எம்டன்' தமிழில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. அஞ்சத்தக்கவன், எளிதில் பிடிபடாதவன் என்று நாம் இன்றும் ஒருவரை அச்சொல்லால் குறிக்கிறோம்.

அறியாதது 1971 நவம்பரில் வந்த காஸி என்னும் பாகிஸ்தானிய நீர்மூழ்கி. அது கராச்சியிலிருந்து புறப்பட்டு, இலங்கையைச் சுற்றி, இந்தியாவின் ஒரே விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தைத் தேடிச் சென்னைக் கடலுக்கு வந்தது. தேடியதற்குக் காரணம் அந்தக் கப்பலின் தளத்தில் நின்ற சீஹாக் ஜெட் விமானங்கள். 'சீஹாக்' என்பதைக் கடற்பருந்து எனலாம். அவ்விமானங்களின் கதையில் ஓர் அத்தியாயம், கடல் வாடையே வீசாத கொங்கு நாட்டில் நிகழ்ந்தது.

அதற்குச் சற்றுப் பின்னே செல்லவேண்டும். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கின. ஹெர்மிஸ் என்ற ஆங்கிலேய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. சென்னை நகரமே பாதி காலியாயிற்று. போர் முடிவதற்குள் ஆங்கிலேயக் கடற்படை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பல விமானத் தளங்களை நிறுவிக்கொண்டது. கடற்படை விமானத் தளங்களுக்குப் பறவைப் பெயர் சூட்டுவது அவர்கள் மரபு. கோவையில் அமைந்தது கருடா, தாம்பரத்தில் வல்லூறு, கொச்சியில் கழுகு, சூலூரில் வைரி. நான்காவதும் தமிழ்ப்பெயரே. சிறு பறவைகளை வேட்டையாடும் வல்லூற்று இனத்தின் ஒரு வகைக்கு நம்மவர் இட்ட பெயர் வைரி. மாட்சிமை தங்கிய மன்னரின் கப்பல் வரிசையில் இத்தமிழ்ப் பெயர்கள் ஏறியதை நம் சொல்லாய்வாளர்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

விடுதலைக்குப் பின் இந்தியா ஒரு விமானந்தாங்கிக் கப்பலை விரும்பியது. இரண்டாம் உலகப் போரின்போது கட்டத் தொடங்கி முடிக்கப்படாது கிடந்த 'ஹெர்குலிஸ்' கப்பல் 1957-இல் வாங்கப்பட்டு, 1961 மார்ச் 4 அன்று பெல்ஃபாஸ்டில் 'விக்ராந்த்' ஆயிற்று. அதற்கென 300-ஆம் எண் படைப்பிரிவு 1960 ஜூலையில் பிரிட்டனில் தொடங்கப்பட்டது. அதன் சின்னம் வெள்ளைப் புலி. 1961 மே 18 அன்று ஆர்.எச். தஹிலியானி விக்ராந்தின் தளத்தில் முதன்முதலாகச் சீஹாக்கை இறக்கினார். பிற்காலத்தில் அவர் கடற்படைத் தளபதியும் ஆனார்.

கப்பலில் இறங்குவது தரையில் இறங்குவது போன்றதன்று. கப்பலின் மொத்த நீளமே ஏறத்தாழ 210 மீட்டர். அதில் இறங்கக் கிடைப்பது ஒரு பகுதிதான். விமானத்தின் வாலில் தொங்கும் கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய எஃகுக் கம்பியைப் பற்றவேண்டும். தவறினால் மீண்டும் எழும்பவேண்டும். இதற்குத் தரையில் பலமுறை பழகியாக வேண்டும். கடற்படைக்கோ ஜெட் விமானங்களுக்கேற்ற சொந்தத் தளம் கிடையாது. எனவே பழைய 'வைரி'யின் ஓடுதளத்தைத் தேடி வந்தார்கள். 1950களின் இறுதியில் சூலூரில் கடற்படையின் ஜெட் பிரிவு வாம்பயர் விமானங்களோடு தொடங்கியது. 1961 செப்டம்பர் 5 அன்று அது ஐ.என்.எஸ். ஹன்சா, அதாவது அன்னம், என்ற பெயரில் முறையான தளமாயிற்று. பருத்தி மில்களின் புகைபோக்கிகளுக்கு மேலே கடற்படை விமானிகள் பழகிய காலம் அது.

அக்காலம் நெடிதாக இல்லை. 1961 டிசம்பரில் கோவா விடுவிக்கப்பட்டது. கடலை ஒட்டிய டபோலிம் ஓடுதளம் கடற்படைக்குக் கிடைத்தது. 1964 ஜூனில் அன்னம் அங்கே பறந்துவிட்டது. பெயரும் உடன் சென்றது. இன்று ஹன்சா என்றால் எவரும் கோவாவையே நினைப்பர்.

இனி 1971. விக்ராந்தின் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். முழு வேகம் இயலாது. சீஹாக்கும் பழைய விமானமே. ஆங்கிலேயக் கடற்படை முன்னணிப் பணியிலிருந்து அதை ஏற்கெனவே விலக்கியிருந்தது. கிழக்குக் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர் நாகர்கோயிலில் பிறந்த வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். அவர் விக்ராந்தை அந்தமானில் ஒளித்துவைத்தார். விக்ராந்துக்குச் சென்னைத் துறைமுகத்தில் இடம் கேட்டுச் செய்தி அனுப்பினார். அது விசாகப்பட்டினத்தருகே இருப்பதாக எதிரி நம்பவும் ராஜ்புத் என்ற பழைய கப்பலைக் கொண்டு பாசாங்கு செய்தார். காஸி ஏமாந்தது. டிசம்பர் 3-4 நள்ளிரவையொட்டி அது விசாகப்பட்டின வாயிலில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. ராஜ்புத் வீசிய வெடிகளால் என்பது இந்தியத் தரப்பு. உட்புற வெடிப்பு அல்லது தன் கண்ணிவெடியால் என்பது பாகிஸ்தான் தரப்பு.

டிசம்பர் 4 காலை எட்டுச் சீஹாக்குகள் விக்ராந்திலிருந்து எழுந்து காக்ஸ் பஜார் விமானத்தளத்தைத் தாக்கின. பிறகு சிட்டகாங் துறைமுகத்தின் முறை. கிழக்குப் பாகிஸ்தானுக்குக் கடல்வழி உதவி வரவில்லை; அங்கிருந்து கடல்வழித் தப்பவும் இயலவில்லை. 16-ஆம் தேதி டாக்காவில் சரண். படைப்பிரிவின் தலைவர் எஸ்.கே. குப்தாவுக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. 1983-இல் சீஹாக் ஓய்வுபெற, அதன் இடத்தில் சீஹாரியர் வந்தது. விக்ராந்த் 1997-இல் பணி முடித்து, 2014-இல் உடைக்கப்பட்டது.

அந்த டிசம்பரில் மரக்காணத்து உப்பளங்களில் எதுவும் நிகழவில்லை. எந்த எண்ணெய்த் தொட்டியும் எரியவில்லை. தாக்கியவனுக்கு மொழியில் இடம் கிடைத்தது. தாக்குதல் நிகழாமல் காத்தவனுக்குக் கிடைக்கவில்லை. வரலாற்றுக்குச் சப்தம் பிடிக்கும் போலும். தென்கரையில் தமிழ்ப் பறவைகளின் மரபு மட்டும் அறுபடவில்லை. 1992-இல் அரக்கோணத்தில் ராஜாளி என்றும், 2009-இல் உச்சிப்புளியில் பருந்து என்றும் கடற்படைத் தளங்கள் பெயர் பெற்றன. சூலூர் இப்போது வான்படையின் ஊர்; 2018-இல் தேஜஸ் விமானங்கள் அங்கு வந்திறங்கின. ஆனால் அந்த ஓடுதளத்தில் முன்னொருகால் வைரியும் அன்னமும் தங்கிச் சென்றதை, கோவை மாவட்ட வரலாறு எழுதுவோர் ஒரு பத்தியிலேனும் பதிந்துவைத்தல் வேண்டும்.