ஆக்ஸ்போர்டிலிருந்து ஊட்டிக்கு: ஜப்பானிய மாணவர்கள் தமிழகத்தை வந்தடைந்த வரலாறு

இந்தியாவைப் பற்றிக் கற்க விரும்பிய நவீன ஜப்பானியர் முதலில் போன இடம் இங்கிலாந்து. பௌத்தத் துறவி நஞ்சோ புன்யூ 1879-ல் ஆக்ஸ்போர்டில் மாக்ஸ் முல்லரிடம் சமஸ்கிருதம் கற்கச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் திசை மாறியது. ஷாகு கோஸென் 1886-லும் ஷாகு சோயென் 1887-லும் இலங்கைக்குக் கப்பலேறினர். பாலி மொழியும் தேரவாதத் துறவு ஒழுக்கமும் அவர்களை இழுத்தன. அடுத்த கரையில் இருந்த தமிழகம் அவர்களுடைய பாடத்தில் இல்லை.

அந்த இடைவெளி நிரம்ப முக்கால் நூற்றாண்டு ஆனது. இந்திய ஜப்பானியப் பண்பாட்டு ஒப்பந்தம் 1957-ல் நடைமுறைக்கு வந்தது. 1961-ல் டோக்கியோவைச் சேர்ந்த இருபத்தெட்டு வயது ஆய்வு மாணவர் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவர்தான் நொபொரு கராஷிமா. தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை தொடங்கப்பட்டதும் அதே ஆண்டுதான்.

அவர் நேரில் வந்தே தீர வேண்டியிருந்தது. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் 1890 முதல் அச்சாகி வந்தன. ஆனாலும் படியெடுத்த கல்வெட்டுகளில் ஆயிரக்கணக்கானவற்றுக்கு ஆண்டறிக்கையில் இரண்டு வரிச் சுருக்கம் மட்டுமே உண்டு. முழு வாசகம் வேண்டுமென்றால் மைப்படிகளையே விரித்துப் படிக்க வேண்டும். அவை அன்று ஊட்டியில் இருந்தன. 1903-ல் அங்கே போன மத்திய அரசின் கல்வெட்டு அலுவலகம் 1966-ல்தான் மைசூருக்கு இடம்பெயர்ந்தது. கராஷிமா ஊட்டிக்குப் போய்ச் சோழர் காலத் தமிழ் எழுத்தைக் கற்றார். ஆக்ஸ்போர்டு மாணவருக்கு இந்தியா நூல்களின் வழியே கிடைத்தது. இவருக்கோ கோயில் சுவரிலிருந்து ஒற்றியெடுத்த தாளில், சிதைந்த எழுத்துகளோடும் நிலத்தின் எல்லைகளோடும் கிடைத்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜப்பானிய வரலாற்றாசிரியர்களை ஒரு கேள்வி வாட்டிக்கொண்டிருந்தது: ஆசியச் சமூகங்கள் காலங்காலமாக மாறாமல் தேங்கிக் கிடந்தனவா? கராஷிமாவும் இக்கேள்வியோடுதான் வளர்ந்தார். விடை தேட அவர் எடுத்துக்கொண்டது பேரரசர்களின் மெய்க்கீர்த்தியை அல்ல, திருச்சிக்கு அருகே காவிரிக் கரையிலுள்ள இரண்டு சிற்றூர்களை. அல்லூரும் ஈசானமங்கலமும் பற்றிய அவருடைய கட்டுரை 1966-ல் வெளிவந்தது. பிராமணர்களுக்குத் தானமாக வழங்கப்பட்ட பிரமதேய ஊரான ஈசானமங்கலத்தில் நிலம் தனியாருக்கு உரியதாக இருந்தது. அல்லூரில் ஊராரே பொதுவாக வைத்திருந்தார்கள். பிற்காலச் சோழர் கல்வெட்டுகளை ஆராய்ந்தபோது, பிரமதேயம் அல்லாத ஊர்களிலும் தனியார் நிலவுடைமை பெருகியதைக் காட்டினார். மாறாத கிராமம் என்ற கருத்து அங்கே உடைந்தது. அக்கருத்தை உடைத்தவை நிலம் விற்றவர், வாங்கியவர், கையெழுத்திட்டவர் பெயர்கள் என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

படிக்க வந்த நாடு அந்த மாணவரை என்ன செய்தது? அவர் எழுத்தில் இதற்குச் சான்று உண்டு. கல்வெட்டு உரக்கச் சொல்வது அரசனின் புகழை. அது மெல்லச் சொல்வதைக் கேட்கப் பல கல்வெட்டுகளைச் சேர்த்து, எண்ணி, ஒப்பிட வேண்டும் என்ற பொறுமைக்கு அவர் வந்து சேர்ந்தார். எ. சுப்பராயலு, தோரு மத்சுயி ஆகியோருடன் சேர்ந்து 1978-ல் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயர்த் தொகுப்பு மூன்று தொகுதிகள் கொண்டது. இவர்களில் சுப்பராயலுவுடனான கூட்டுழைப்பு பல பத்தாண்டுகள் நீடித்தது. தரவு திரட்டித் தருபவராகத் தமிழ் அறிஞரை நிறுத்தாமல் இணை ஆசிரியராக ஏற்ற அந்த மனப்பாங்கை, அயல்நாட்டுக் கல்வி தந்த பெரிய வளர்ச்சி என்றே சொல்வேன்.

உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத் தலைவராக 1995-ல் தஞ்சாவூர் மாநாட்டை நடத்தியவர் அவர். கோவையில் 2010-ல் தமிழ்நாடு அரசு மாநாடு கூட்ட விரும்பியபோது, தரமான ஆய்வரங்குக்குக் காலம் போதாது என்று மன்றத்தின் பெயரைத் தர மறுத்தார். தமிழை நேசித்தவர் தமிழ் அரசிடமே மறுப்புச் சொல்லும் இடத்துக்கு வந்திருந்தார். 2013-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அதை டோக்கியோவிலேயே வழங்கினார். 2015-ல் கராஷிமா காலமானார். ஜப்பானிய மொழியைத் தமிழோடு இணைத்த சுசுமு ஓனோவின் பெயரை நம் மேடைகள் அடிக்கடி சொல்கின்றன. அவருடைய கொள்கையை மொழியியலாளர் பலர் ஏற்கவில்லை. கராஷிமாவைத் துறைக்கு வெளியே அறிந்தவர் குறைவு என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

தருமபுரிக்கு அருகே அதியமான்கோட்டையில் இருந்துகொண்டு இதை எழுதக் காரணம் உண்டு. இங்கே அதியமானை நினைத்தால் ஔவைக்கு ஈந்த நெல்லிக்கனியும், 1981-ல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் கிடைத்த தமிழி கல்வெட்டும் முன்னால் வருகின்றன. அசோகரின் கல்வெட்டில் வரும் சத்தியபுத்திரர் அதியமான் மரபினரே என்று அந்த ஒரு கல்வெட்டு உறுதிப்படுத்தியது. ஒற்றைச் சான்றின் பெருமை அது. ஆனால் இன்றைய தருமபுரிப் பகுதியான பழைய தகடூர் நாடு முழுக்கச் சிதறிக் கிடப்பவை நடுகற்கள். கவர்ந்து செல்லப்பட்ட தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்டு இறந்தவன் பெயர், அவன் யாருக்குச் சேவகன், எந்த ஊர், எந்த நாடு, எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்ற செய்திகளில் இரண்டு மூன்றையாவது ஒவ்வொன்றும் சொல்லும். தருமபுரி அருங்காட்சியகத்தில் சிலவற்றைப் பார்க்கலாம். பல இன்னும் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கின்றன.

கராஷிமா அல்லூருக்குச் செய்ததை இந்த நடுகற்களுக்கும் செய்ய வேண்டும். இறந்தவர், தலைவர், ஊர், நாடு என நான்கு பட்டியல்கள் போட்டு, ஆட்சியாண்டின் வரிசையில் அடுக்கி, தலைவர்களின் பெயர்கள் எந்த நூற்றாண்டில் எந்த நாட்டுக்குள் குவிகின்றன என்று பார்க்க வேண்டும். மாடு கவரும் சண்டை எப்போது நிலத்துக்கான சண்டையாக மாறியது, சிறு தலைவர்கள் எப்போது பேரரசின் அதிகாரிகளானார்கள் என்ற கேள்விகளுக்கு அந்தப் பட்டியலிலிருந்து விடை தேடத் தொடங்கலாம். நடுகற்களில் உள்ள வட்டெழுத்தைப் படிக்கத் தெரிந்த இரண்டு மூன்று மாணவர்கள் போதும்; தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள கல்லூரிகளிலிருந்தே அவர்கள் வரலாம்.