மரியானேயின் பிள்ளைகள்

சென்ற வாரம் லைப்சிக் நகரில் பியானோ வியாபாரமும் பியானோ பாடமுமாக வாழ்ந்த ஃபிரெடரிக் வீக்கைப் பார்த்தோம். மகள் கிளாராவை ஐரோப்பாவே மெச்சும் கலைஞராக்கிய தகப்பன் என்று அவருக்குப் பெயர். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் முதல் பக்கத்திலேயே ஒருவரை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். கிளாராவைப் பெற்றவரை. விவாகரத்து ஆயிற்று, போய்விட்டார் என்று ஒரு வரி, அத்தோடு சரி. அந்த ஒரு வரிக்குப் பிறகும் அவர் நாற்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தார், பியானோ சொல்லிக்கொடுத்தார், இன்னொரு இசைக் கலைஞரையும் வளர்த்தார். இந்த வாரம் அவர் முறை.

மரியானே ட்ரோம்லிட்ஸ் பிறந்தது 1797இல். பாட்டனார் யோஹான் கியோர்க் ட்ரோம்லிட்ஸ் லைப்சிக்கில் புல்லாங்குழல் கலைஞர். குழல் செய்கிறவரும் அவரே. குழல் வாசிப்பைப் பற்றி அவர் 1791இல் வெளியிட்ட நூலை இன்றைக்கும் பழைய பாணியில் வாசிக்கிறவர்கள் புரட்டுகிறார்கள். தகப்பனார் ப்ளாவென் ஊரில் தேவாலய இசைக்குப் பொறுப்பாளர். இசை மரியானேவுக்குப் பிறந்த வீட்டுச் சொத்து. வீக்குக்கு அப்படியில்லை. அவர் படித்தது இறையியல். பியானோவை ஆசிரியரிடம் முறையாகக் கற்றது சில மணி நேரம்தான். மீதியெல்லாம் தானாகத் தேடிக்கொண்டது.

மரியானே அவரிடம் பியானோ கற்க வந்தவர். 1816இல், பத்தொன்பது வயதில், ஏறத்தாழப் பன்னிரண்டு வயது மூத்தவரான அந்த ஆசிரியருக்கே வாழ்க்கைப்பட்டார். அடுத்த எட்டு ஆண்டுகளில் ஐந்து பிரசவம். முதல் குழந்தை தங்கவில்லை. இரண்டாவது கிளாரா, 1819 செப்டம்பர் 13. பின்னால் ஆல்வின், குஸ்தாவ், விக்டர் என்று மூன்று ஆண்கள். இத்தனைக்கும் நடுவில் மரியானே லைப்சிக்கின் பேர்போன கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் பாடினார், பியானோவும் வாசித்தார், வீட்டுக்கு வரும் மாணவர்களுக்குப் பாடமும் சொன்னார். பியானோ விற்பவர் வீட்டில் மேடையேறி வாசிக்கும் மனைவி இருந்தால் அதைவிடப் பெரிய விளம்பரம் வேறு ஏது? வீக் இந்தக் கணக்கைப் போடாத ஆள் என்று நான் நம்பமாட்டேன்.

1824இல் மரியானே பொறுத்தது போதும் என்று ப்ளாவெனில் இருந்த பிறந்தகத்துக்குக் கிளம்பிவிட்டார். கிளாராவையும் கைக்குழந்தை விக்டரையும் கூட்டிக்கொண்டுதான் போனார். ஆனால் அன்றைய சாக்சனிச் சட்டப்படி பிள்ளைகள் தகப்பனுக்குச் சொந்தம். கிளாராவுக்கு ஐந்து வயது நிறையும்வரை மட்டும் தாயிடம் இருக்கலாம் என்று ஏற்பாடு. பிறந்த நாள் வந்தது. அது கழிந்த சில நாளிலேயே, ப்ளாவெனுக்கும் லைப்சிக்குக்கும் இடையிலுள்ள அல்டன்பர்க் ஊரில் குழந்தையைத் தகப்பன் தரப்பிடம் ஒப்படைத்தார்கள்.

அந்தக் குழந்தை நாலு வயது தாண்டும்வரை வாயே திறக்கவில்லை. காது கேட்கவில்லையோ என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். இது கிளாராவின் நாட்குறிப்பில் இருக்கிறது. நாட்குறிப்பு என்றேனே, அதை எழுதியவர் வீக். ‘நான்’ என்று மகளின் குரலில் தகப்பனே எழுதிவைத்தார்! தாயைப் பற்றி அந்த ‘நான்’ சொல்வதை நம்புவதற்குமுன் பேனா யார் கையில் இருந்தது என்று பார்க்கவேண்டும்.

1825இல் விவாகரத்து முடிந்தது. அதே ஆண்டு மரியானே, வீக்கின் நண்பரும் இசை ஆசிரியருமான அடோல்ஃப் பார்கீலை மணந்தார். அந்த நவம்பரில் கிளாராவைத் தாயிடம் சில நாள் அனுப்பியபோது வீக் ஒரு கடிதமும் கொடுத்தனுப்பினார். நடந்ததைப் பற்றிக் குழந்தையிடம் மூச்சு விடக்கூடாது. தின்பண்டம் அதிகம் கொடுக்கக்கூடாது. குறும்பு செய்தால் கண்டும் காணாமல் இருக்கக்கூடாது. வாசித்துப் பழகும்போது அவசரப்படவிடக்கூடாது. இதுதான் அதன் சாரம். பெற்ற தாய்க்கு, அதுவும் கெவாண்ட்ஹவுஸில் வாசித்தவருக்கு, பியானோ பழக்குவதில் புத்திமதி! வீக்கின் குணத்தைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினாலும் இந்தக் கடிதத்துக்கு ஈடாகாது.

1826இல் பார்கீல் தம்பதி பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே யோஹான் பெர்ன்ஹார்ட் லோகியர் தொடங்கிய பியானோ பள்ளி ஒன்று அடோல்ஃபின் பொறுப்புக்கு வந்தது. பல பியானோக்களைப் போட்டு ஒரே நேரத்தில் பல மாணவர்களை வாசிக்கவைப்பது லோகியர் முறை. பழகுகிறவர் கையை நேராகப் பிடித்துவைக்க ஒரு சட்டகத்தையும் அவர் கண்டுபிடித்திருந்தார். வீக்கும் அந்த முறையைக் கொஞ்ச காலம் கையாண்டு பிறகு கைவிட்டவர்தான். பெர்லினில் பள்ளி நிலைக்கவில்லை, மூடும்படி ஆயிற்று. அடோல்ஃபுக்குப் பிறந்த நான்கு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு மரியானே பியானோ பாடத்தை நம்பித்தான் காலம் தள்ளினார். 1841இல் கணவரும் போய்ச் சேர்ந்தார்.

அந்த நால்வரில் ஒருவர் வோல்டெமார். பிறந்தது 1828 அக்டோபர் 3. அதற்குப் பதினேழாம் நாள் லைப்சிக்கில் ஒன்பது வயது கிளாரா முதல்முறையாகக் கெவாண்ட்ஹவுஸ் மேடையேறினாள். மகளின் அரங்கேற்றத்தின்போது தாய் பெர்லினில் பிள்ளை பெற்ற உடம்போடு இருந்தார்.

லைப்சிக் வீட்டில் பிள்ளை வளர்ப்பு எப்படி நடந்தது என்பதற்குச் சாட்சி, அங்கே பாடம் கற்றுக்கொண்டிருந்த இளைஞர் ராபர்ட் ஷூமானின் நாட்குறிப்பு. 1831இல் ஒரு நாள். சிறுவன் ஆல்வின் வயலின் சரியாக வாசிக்கவில்லை. வீக் அவனைக் கீழே தள்ளித் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறார். பையன் வயலினைத் திருப்பித் தரும்படி கெஞ்சுகிறான். கிளாரா புன்னகையோடு பியானோ முன் உட்கார்ந்து தன்பாட்டுக்கு வாசிக்கத் தொடங்குகிறாள். அடியைவிட அந்தப் புன்னகைதான் என்னை உலுக்குகிறது. இத்தனைக்கும் வீக் நல்ல ஆசிரியர் என்பதை மறுக்கமுடியாது. முதலில் காதால் வாசிக்கவைத்து நொட்டேஷனைப் பிறகு காட்டியதும், தினமும் நடக்கக் கூட்டிப்போனதும் அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததல்ல. ஒரே வீட்டில், ஒரே கையால், கிளாராவும் வளர்ந்தாள், ஆல்வினும் அடிபட்டான்.

கதை 1839இல் திரும்புகிறது. கிளாராவும் ஷூமானும் மணக்கவேண்டும் என்கிறார்கள். வீக் முடியாது என்கிறார். விவகாரம் நீதிமன்றம் போகிறது. பாரிஸிலிருந்து திரும்பிய மகளுக்குத் தகப்பன் வீட்டில் இடமில்லை. அவள் போய்ச் சேர்ந்தது பெர்லினில், தாயிடம். மரியானே தன் சம்மதத்தை எழுத்தில் கொடுத்தார். சோற்றுக்கே இழுபறியான அந்த வீட்டில் மகளையும் வைத்துக்கொண்டார். 1840 தொடக்கத்தில் கிளாரா ஹாம்பர்க், பிரேமன் நகரங்களுக்குக் கச்சேரிக்குப் போனபோது துணைக்குப் போனவரும் தாய்தான். முன்பெல்லாம் அந்த இடத்தில் வீக் இருப்பார். அதே ஆண்டு செப்டம்பர் 12, கிளாராவுக்கு இருபத்தொன்று நிறைவதற்கு முந்தைய நாள், திருமணம் நடந்தது. ஷூமானை அவதூறு செய்ததற்காக வீக்குக்குப் பதினெட்டு நாள் சிறைத் தண்டனை என்று தீர்ப்பானது தனிக் கதை.

சிறுவன் வோல்டெமாருக்கு முதல் பாடம் வீட்டிலேயே நடந்தது. பிறகு பெர்லினில் சிக்ஃபிரிட் டேனிடம் இசை இலக்கணம். 1846இல் அவன் லைப்சிக் இசைக் கல்லூரியில் சேர்ந்தான். அதற்கு அக்காவும் அத்தானும் துணை நின்றார்கள். ஹாப்ட்மான், மோஷெலஸ், காடே எல்லாம் அங்கே ஆசிரியர்கள். தகப்பன் வேறு என்றாலும் அக்கா, தம்பி பாசம் கடைசிவரை குறையவில்லை.

1854 பிப்ரவரியில் ஷூமான் ரைன் நதியில் குதித்தார். மனநோய் விடுதியில் சேர்த்தார்கள். கிளாரா அப்போது எட்டாவது பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தார். டுஸ்ஸல்டார்ஃபுக்கு ஓடிவந்து உடனிருந்தவர் மரியானே. பேத்தி யூலியை பெர்லினுக்கு அழைத்துப்போய்த் தன்னிடமே வைத்துக்கொண்டார். மகளைப் பக்கத்தில் வைத்து வளர்க்கவிடவில்லை சட்டம். பேத்தியை வளர்க்க யாரும் தடை சொல்லவில்லை.

வோல்டெமார் பார்கீல் கொலோனிலும் ராட்டர்டாமிலும் வேலை பார்த்தார். ஒரு சிம்பனி, எட்டு தந்தி வாத்தியங்களுக்கான ஓர் ஆக்டெட், செல்லோவுக்கு ஓர் அடாஜியோ, பியானோ ட்ரியோக்கள் என்று எழுதினார். செல்லோ அடாஜியோவை இன்றும் வாசிக்கிறார்கள். மற்றவை அபூர்வமாகத்தான் காதில் விழுகின்றன. என்னைக் கேட்டால் ஆக்டெட்டுக்கு இந்தக் கதி வந்திருக்கக்கூடாது. சொந்தப் படைப்பு போக, சொப்பேன் தொகுப்பைப் பதிப்பித்த குழுவில் பிராம்ஸ், லிஸ்ட் ஆகியோரோடு அவரும் ஒருவர்.

மரியானே 1872இல் பெர்லினில் காலமானார். மகன் அதே நகரத்தின் இசைக் கல்லூரியில் ஆசிரியரானது 1874இல். மகள் ஃபிராங்ஃபர்ட்டில் புதிதாகத் திறந்த ஹோக் கல்லூரியில் பியானோ ஆசிரியராகச் சேர்ந்தது 1878இல். கிளாரா அந்த வேலைக்குப் போட்ட நிபந்தனைகளை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)