முதல் உலகப் போரில் அமெரிக்கா உதுமானியருடன் மோதாதது ஏன்?

முதல் உலகப் போர் என்றதும் உதுமானியப் பேரரசின் வீழ்ச்சியும் கிலாஃபத்தின் முடிவும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. முஸ்லிம் நிலங்களைப் பங்கு போட்டவர்கள் என்று பிரிட்டனையும் பிரான்ஸையும் சொல்வோம். அமெரிக்காவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஜெர்மனி மீது போர் அறிவித்த அமெரிக்கா, அதன் கூட்டாளியான உதுமானியப் பேரரசின் மீது கடைசிவரை போர் அறிவிக்கவே இல்லை. இதைப் புரிந்துகொள்ள, போருக்கு முந்தைய இருபது ஆண்டுகளிலிருந்து தொடங்க வேண்டும்.

ஐரோப்பியச் சண்டைகளில் தலையிடுவதில்லை என்பது அமெரிக்காவின் பழைய கொள்கை. ஆனால் பிறர் மண்ணைப் பிடிப்பதற்கு அந்தக் கொள்கை தடையாக இருக்கவில்லை. 1898இல் ஸ்பெயினைத் தோற்கடித்த அமெரிக்கா, 2 கோடி டாலர் கொடுத்து பிலிப்பைன்ஸைத் தனதாக்கிக் கொண்டது. அதன் தெற்கே மிண்டனாவோ, சூலு தீவுகளில் வாழ்ந்தவர்கள் மோரோ முஸ்லிம்கள். அவர்கள் அமெரிக்கப் படையை எதிர்க்காமல் இருக்கச் சொல்லுமாறு சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதிடம் தாம் கேட்டுக்கொண்டதாக, இஸ்தான்புல்லில் இருந்த அமெரிக்கத் தூதர் ஆஸ்கார் ஸ்ட்ராஸ் பின்னாளில் எழுதியிருக்கிறார். 1899இல் சூலு சுல்தானுடன் ஓர் ஒப்பந்தமும் ஆனது. மார்க்க விஷயங்களில் தலையிட மாட்டோம் என்று அமெரிக்கா வாக்களித்தது. 1904இல் அந்த ஒப்பந்தத்தை அமெரிக்காவே ரத்து செய்தது. 1906 மார்ச்சில் புட் தாஹோ என்ற அணைந்த எரிமலையின் உச்சியில் தஞ்சமடைந்திருந்த மோரோக்களை அமெரிக்கப் படை தாக்கியதில், பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள்.

1913இல் புட் பக்சாக் மலையில் மோரோக்களுடன் நடந்த மற்றொரு சண்டைக்குத் தலைமை தாங்கியவர் ஜான் பெர்ஷிங். 1916இல் மெக்ஸிகோவுக்குள் படையெடுத்துச் சென்றவரும், 1917இல் பிரான்ஸுக்குப் போன அமெரிக்கப் படையின் தளபதியும் இவரே. அதுவரை காலனி நிலத்திலும் அண்டை நாட்டிலும் போரிட்டுப் பழகிய சிறிய ராணுவம் அது. கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டத்தின் பின்னரே சுமார் 20 லட்சம் வீரர்களைக் கடல் கடந்து அனுப்ப முடிந்தது.

1914இல் அதிபர் வுட்ரோ வில்சன் நடுநிலை அறிவித்தார். பெயரளவில்தான் அது நடுநிலை. பிரிட்டிஷ் கடற்படை ஜெர்மனியின் கடல்வழிகளை அடைத்துவிட்டதால் அமெரிக்கச் சரக்கு பெரும்பாலும் ஒரு தரப்புக்கே போனது. 1917க்குள் நேச நாடுகளுக்கு அமெரிக்க வங்கிகள் கொடுத்த கடன் 200 கோடி டாலரைத் தாண்டியது. 1915இல் லூசிடானியா கப்பல் மூழ்கடிக்கப்பட்டு 128 அமெரிக்கர்கள் இறந்தபோதும் வில்சன் போருக்குப் போகவில்லை. போரிலிருந்து நாட்டை விலக்கி வைத்தவர் என்ற பிரசாரத்துடன்தான் 1916 தேர்தலில் வென்றார். அடுத்த ஆண்டு ஜெர்மனி தன் நீர்மூழ்கிகளை எந்தக் கட்டுப்பாடும் இன்றி ஏவியது. டெக்ஸாஸ் உள்ளிட்ட பகுதிகளை மீட்கத் துணை நிற்போம் என்று மெக்ஸிகோவுக்கு அது அனுப்பிய இரகசியத் தந்தியும் வெளியானது. 1917 ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா போர் அறிவித்தது.

அதே மாதம் உதுமானிய அரசு தூதரக உறவை முறித்துக் கொண்டது. அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. அமெரிக்கர்களுக்கு உதுமானியர் தரப்பிலிருந்து நேரடித் தாக்குதல் எதுவும் இல்லை. இஸ்தான்புல்லின் ராபர்ட் கல்லூரி, பெய்ரூத் கல்லூரி என்று பேரரசு முழுவதும் அமெரிக்கக் கிறிஸ்தவ மிஷனரிகளின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் பரவியிருந்தன. போர் அறிவித்தால் இவையும், படுகொலைக்கும் நாடுகடத்தலுக்கும் ஆளான ஆர்மீனியர்களுக்கான நிவாரணப் பணியும் முடங்கிவிடும் என்று வில்சனின் நண்பர் கிளீவ்லேண்ட் டாட்ஜ் போன்றோர் வலியுறுத்தினார்கள். முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இதைக் கடுமையாகக் கண்டித்தும் வில்சன் அசையவில்லை.

இதன் பலன் போருக்குப் பின் தெரிந்தது. 1918 ஜனவரியில் வில்சன் வெளியிட்ட 14 அம்சங்களில் பன்னிரண்டாவது, உதுமானிய ஆட்சியில் இருந்த பிற இனங்களுக்குத் தன்னாட்சி வளர்ச்சியை உறுதியளித்தது. மக்களின் விருப்பத்தை அறிய ஹென்றி கிங், சார்ல்ஸ் கிரேன் தலைமையில் ஒரு குழுவையும் அவர் 1919 கோடையில் ஷாமுக்கும் ஃபலஸ்தீனுக்கும் அனுப்பினார். 1,863 மனுக்கள் வந்தன; அவற்றில் 1,350 ஸியோனிஸத் திட்டத்தை எதிர்த்தன. பெரும்பாலோர் கேட்டது முழு விடுதலை. மேற்பார்வை கட்டாயம் என்றால் அது அமெரிக்காவினுடையதாக இருக்கட்டும், பிரான்ஸ் வேண்டாம் என்றார்கள். மோரோக்களிடம் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அறிக்கை 1919 ஆகஸ்டில் தயாரானது. அதே இலையுதிர் காலத்தில் வில்சன் பக்கவாதத்தால் படுத்த படுக்கையானார். வெர்சாய் உடன்படிக்கையை அமெரிக்க செனட் நிராகரித்தது. சர்வதேச சங்கத்தில் அமெரிக்கா சேரவில்லை. 1922 ஜூலையில் அந்தச் சங்கம் ஃபலஸ்தீனை பிரிட்டனின் பொறுப்பிலும் சிரியாவை பிரான்ஸின் பொறுப்பிலும் விட ஒப்புதல் அளித்தது. செப்டம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ், ஃபலஸ்தீனில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் அமைவதை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. கிங் கிரேன் குழுவின் அறிக்கை முதன்முறையாக அச்சில் வெளியானது அதற்கு மூன்று மாதங்கள் கழித்து, அவ்வாண்டு டிசம்பரில்.