நயாகராவின் இருபத்தைந்து சுற்று

வீட்டுக்கு மின்கம்பி போட வரும் தொழிலாளியிடம், "மெல்லிய கம்பியே போதும்; நான் சொல்லும் இடத்திலேயே சுவிட்சை வை" என்று வற்புறுத்துவோர் எல்லா ஊரிலும் உளர். சொன்னபடி செய்தால் நாளைக்குத் தீங்கு. மறுத்தால் இன்றைக்கு வேலை போம். இந்தச் சங்கடம் மின்சாரத் தொழிலோடு கூடவே பிறந்தது. அதன் வரலாற்றில் மிகப் பெரிய வழக்கு ஒன்று, 1893ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நயாகரா நீர்வீழ்ச்சியில் எழுந்தது.

அருவியின் ஆற்றலை மின்சாரமாக்க முனைந்த காடராக்ட் நிர்மாணக் கம்பெனி, ஜார்ஜ் ஃபோர்ப்ஸ் என்னும் ஸ்காட்லாந்து நிபுணரை ஆலோசகராக அமர்த்தியிருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில், மாறு மின்னோட்டமே ஏற்றது என்று அக்கம்பெனி முடிவு செய்தது. அதற்குரிய டைனமோவை ஃபோர்ப்ஸ் தாமே வரைந்தார். இயந்திரம் செய்து தரவேண்டியவர்கள் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியார்.

மாறு மின்னோட்டம் முன்னும் பின்னுமாக மாறி மாறி ஓடுவது. ஒருமுறை முன்னே சென்று, ஒருமுறை பின்னே வருவது ஒரு சுற்று. வினாடிக்கு இத்தனை சுற்று என்பதே இங்கு எழுந்த வழக்கு. ஃபோர்ப்ஸ் கேட்டது பதினாறே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. அக்காலத்து மோட்டார்களில் சில, சுற்று குறைந்தால் நன்றாக ஓடின. ஆகவே அவர் கேட்டது அறிவற்ற கேள்வியன்று. ஆனால் அந்த மின்சாரத்தில் விளக்கு எரித்தால், சுடர் துடிப்பது கண்ணுக்கே தெரியும். வெஸ்டிங்ஹவுஸ் எஞ்சினியர்கள் விரும்பியதோ அதைவிட மிக உயர்ந்த அளவு.

இருவர் கையையும் கட்டிய பொருள் ஒன்று இருந்தது. நீர்ச்சக்கரம் நிமிஷத்துக்கு 250 தடவை சுழலவேண்டும் என்பது முன்பே முடிவாகிவிட்டது. அந்த வேகத்தில் டைனமோவுக்கு 8 காந்தத் துருவங்கள் வைத்தால் ஃபோர்ப்ஸ் கேட்ட அளவு கிடைக்கும். 16 வைத்தால் அதன் இரு மடங்கு, அதாவது முப்பத்து மூன்றே சொச்சம். 30 வேண்டுமென்றாலும் இயலாது; துருவங்களை வடக்கும் தெற்குமாக இணை இணையாகவே வைக்கமுடியும்.

வெஸ்டிங்ஹவுஸ் எஞ்சினியர்கள் ஃபோர்ப்ஸின் வரைபடத்தை அப்படியே செய்து தர மறுத்தனர். எனினும் வேலையையே உதறிவிடவில்லை. குடைபோலக் கவிந்து சுழலும் அவருடைய அமைப்பில் நல்லதென்று கண்டதைக் கொண்டனர். தகாததென்று கண்டதை விலக்கினர். சுற்றின் எண்ணிக்கையில் இரண்டுக்கும் நடுவே நின்றனர். துருவங்கள் 12, வினாடிக்கு 25 சுற்று. 1893 அக்டோபரில் ஒப்பந்தம் முடிந்தது. 1895இல் மின்சாரம் பிறந்தது. 1896 நவம்பரில் பஃபலோ நகரை அடைந்தது.

மோட்டார்களுக்கு 25 சுற்று உகந்ததாயிற்று, விளக்குகளுக்கு அரைகுறைதான். ஆகவே 25ஐ 60ஆக மாற்றும் இயந்திரங்களைத் தனியே நிறுவ வேண்டியதாயிற்று. கனடாவின் தெற்கு ஒண்டாரியோவில் இந்த அளவு வேரூன்றிப் போய், 1949 தொடங்கிப் பத்தாண்டுக் காலம் வீடு வீடாக மோட்டார்களை மாற்றிய பிறகே நீங்கியது.

நயாகராவின் சமரசம் நம் நாட்டுக்கும் வந்தது. மைசூர் சமஸ்தானத்தில் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில், எஞ்சினியர் ஜோலி டி லாட்பினியரின் முயற்சியால், காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின்நிலையம் தொடங்கப்பட்டது. டைனமோக்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியிலிருந்து வந்தன. அவையும் 25 சுற்றுடையவை. 1902இல் அந்த மின்சாரம் 92 மைல் கடந்து கோலார் தங்கவயலை எட்டியது. அங்கே அதன் முதல் வேலை விளக்கன்று. பாறையைப் பொடியாக்கும் ஆலைகளை ஓட்டுவது. அந்த வேலைக்கு 25 சுற்றில் குறையில்லை. அந்தப் பாறையை நிலத்தடியில் உடைத்தவர்களுள் பெரும்பகுதியினர், வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற தமிழர்கள். 1905இல் அதே மின்சாரம் பெங்களூர்த் தெருக்களில் விளக்காயிற்று. சுரங்கத்தின் மோட்டாருக்கென்று கொண்ட அளவு, நகரத்தார் படிக்கும் விளக்குக்கும் அளவாயிற்று.

இன்று நாடு முழுவதும் 50 சுற்றே பொது அளவு. கோலார்ச் சுரங்கங்களும் 2001இல் மூடப்பட்டன. ஆயினும் நயாகரா கற்பிக்கும் பாடம் தேயவில்லை. கேட்பவர் பிடிவாதம் பிடிக்கும்போது, தொழிலறிந்தவர் வெறுமனே பணிவதும் கூடாது. வெறுமனே விலகுவதும் கூடாது. எது கேட்பவருடைய உண்மையான தேவை, எது அவருடைய விருப்பம் மட்டும் என்று பிரித்தறிந்து, செய்யத்தக்க மூன்றாவது வழியை அவர் முன் வைக்கவேண்டும். அதையும் காலத்தே வைக்கவேண்டும். சக்கரத்தின் வேகம் முடிவாவதற்கு முன்பே இரு தரப்பாரும் கலந்து பேசியிருந்தால், சமரசம் இவ்வளவு குறுகியதாக இருந்திராது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் மறைந்துபோவர்; அவர்கள் குறித்த எண்ணோடு வாழவேண்டியவர்கள், அந்தப் பேச்சில் இடமே பெறாத மக்கள்.