பெயரேடு இல்லாப் படகுகள்

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களின் வரலாறு கடலில் தொடங்குகிறது. 1917-ஆம் ஆண்டில் மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் இவ்வட்டாரத்துத் தென்னமரத்தில் எழுந்தது. இத்தோட்டங்களில் பாடுபட்ட தமிழரிற் பலர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்தவராவர். 1907-இல் தோன்றிய குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் பணம் தண்டி அவர்தம் பயணச் செலவை ஏற்றது. கப்பலின் மேல்தட்டில் நெருக்குண்டு வந்தனர். கரையில் தொற்றுநோய்க்கு அஞ்சித் தடுத்து வைக்கப்பட்டனர். எனினும் ஒவ்வொருவர் பெயரும் ஏட்டில் ஏறியது. 1938-இல் இந்திய அரசு இக்குடியேற்றத்தைத் தடை செய்தது.

பிற்காலத்தில் இந்தோனேசியத் தொழிலாளர் தோட்டங்களில் பெருகினர். அவர்தம் சுமத்திராக் கரை எதிரிலேயே உள்ளது. ஆவணமற்றோர் இரவில் மறைவாக மரப்படகேறினர். 2014 ஜூன் 18-இல், நோன்பு மாதத்திற்குச் சில நாள் முன்னர், ஊர் திரும்பிய 97 பேருடன் ஒரு படகு கேரித் தீவருகே மூழ்கியது. 2015 செப்டம்பர் 3-இல் சபாக் பெர்ணம் கடலில் மற்றொன்று கவிழ்ந்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

அளவுக்கு மிஞ்சி ஆளேற்றினால் படகின் பாரம் மேலேறும். அலை சாய்க்கும்போது அனைவரும் ஒருபுறம் ஒதுங்க, படகு நிமிராது. இது காரணத்தின் ஒரு பாதியே. சட்டப்படியான வழி அடைபட்டதே மறுபாதி. பெயரேடு இன்மையால், ஏறியவர் எத்தனை பேர் என்பதே ஐயமாயிற்று. கரையொதுங்கிய உடல்களைக் கொண்டே இறந்தோரைக் கணக்கிட நேர்ந்தது. கூலிக்கு ஆளெடுக்கும் நாடு, அவ்வாள் வீடு திரும்பும் வழிக்கும் பொறுப்பேற்றல் வேண்டும்.