பிழைத்தது யார்?

விபத்தில் அடிபட்டவர் பத்து நாள் ஆஸ்பத்திரியில் துடித்துவிட்டு இறந்துபோகிறார். குடும்பத்தார் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுக்கிறார்கள். அமெரிக்காவாக இருந்தால் வழக்கறிஞர் அதே வழக்கில் இன்னொரு கோரிக்கையையும் சேர்ப்பார். அதன் பெயர் ‘சர்வைவல் கிளெய்ம்’. ஆள்தான் போய்விட்டாரே, இதில் பிழைத்தது யார்?

பிழைத்தது அவருடைய வழக்கு. லத்தீனில் ‘சூப்பர்’ என்றால் மேல், அப்பால். ‘வீவெரே’ என்றால் வாழ்தல். இரண்டும் கூடி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘சர்வைவ்’ ஆனது. இன்னொருவர் போன பிறகும் வாழ்ந்திருப்பது என்பது அதன் பழம்பொருள். சட்டம் அந்தப் பொருளைத்தான் எடுத்துக்கொண்டது.

ஒரு வழக்கைப் பார்த்து ‘வாழ்கிறது’ என்று ஏன் சொல்ல வேண்டும்? முன்பு அது ‘சாகும்’ என்று சொல்லி வைத்திருந்தார்கள். ‘ஆக்டியோ பெர்சொனாலிஸ் மோரிட்டுர் கும் பெர்சோனா’ என்பது ஆங்கிலேயச் சட்டத்தின் பழைய விதி: ஆளோடு அவருடைய வழக்கும் சாகும். குடும்பத்துக்கும் வழியில்லை. குதிரைவண்டி கவிழ்ந்து மனைவியை இழந்த ஒருவரின் வழக்கில், 1808-இல் எல்லன்பரோ பிரபு, மனித உயிரின் இழப்பை உரிமையியல் நீதிமன்றத்தில் முறையிட முடியாது என்றார். மனைவி உயிரோடிருந்த நாட்கள் வரைக்குமே கணவருக்குக் கணக்கு. காயப்படுத்தியவன் பணம் கட்டவேண்டும், கொன்றவன் கட்டவேண்டாம் என்ற கொடுமை இது.

1846-இல் காம்பெல் பிரபுவின் சட்டம் குடும்பத்துக்கு வழி திறந்தது. ஆனால் இறந்தவர் பட்ட வலிக்கு? அதற்கு இங்கிலாந்து 1934 வரை காத்திருந்தது. ஒருவர் இறந்தாலும் அவருடைய வழக்குரிமைகள் ‘சர்வைவ்’ ஆகும் என்று அந்த ஆண்டின் சட்டம் எழுதியது. பழைய விதியின் ‘சாகும்’ என்ற வினைக்கு நேரான பதில் அது. இந்தியாவுக்கு 1855-இல் வந்த உயிரிழப்பு விபத்துச் சட்டத்தின் 2-ஆம் பிரிவும், குடும்பத்தின் வழக்கிலேயே இறந்தவரின் சொத்துக்கு நேர்ந்த இழப்பையும் ‘சேர்த்துக்கொள்ளலாம்’ என்கிறது.

‘சர்வைவல் கிளெய்ம்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘பிழை’ என்றால் குற்றம். ‘பிழைத்தல்’ என்றால் தவறுதலும் உண்டு, உயிர் தப்புதலும் உண்டு. ‘தப்பு’ம் அப்படியே. குறி தவறிய இடத்தில் உயிர் மிஞ்சியதால் இப்படி அமைந்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஒருவர் பிழையால் இன்னொருவர் சாக, வழக்கு மட்டும் பிழைத்திருக்கும் நிலையை ஒரே வேரால் சொல்லிவிடும் மொழி இது.

ஆனாலும் பெயராக நான் எடுப்பது ‘எச்சம்’. பறவையின் எச்சம் நினைவுக்கு வரட்டும், பரவாயில்லை. எஞ்சியது, விட்டுச்சென்றது, பிள்ளைகள் என எல்லாம் அதற்குள் இருக்கின்றன. இலக்கணத்தில் முடியாமல் நிற்கும் வினைக்கும் அதுவே பெயர். மனைவியும் மக்களும் கேட்பது தங்கள் இழப்புக்கு. எச்சக் கோரிக்கையில் கேட்பது இறந்தவர் துடித்த அந்தப் பத்து நாளுக்கு. கிடைக்கும் தொகை அவருடைய சொத்துக் கணக்கில்தான் சேரும்.