பரங்கிமலைக் கல்லும் மறைந்துபோன மலையும்

கல்கத்தாவின் புனித யோவான் ஆலய வளாகத்தில் ஜாப் சார்னாக் என்னும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறை உள்ளது. 1690இல் ஹூக்ளிக் கரையில் கம்பெனியின் குடியிருப்பை அமைத்தவர் இவர். (நகரை நிறுவியவர் என்னும் பட்டத்தை 2003இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்தது, அது தனிக்கதை.) அக்கல்லறைப் பலகை வங்காளத்துக் கல்லன்று. சென்னையை அடுத்த பல்லாவரப் பகுதியிலிருந்து சென்றதாகக் கருதப்படுகிறது. அதனை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893இல் அவ்வகைப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். பரங்கிமலையும் திரிசூலமும் இப்பாறையால் ஆனவையே.

ஹாலண்ட் இதனைக் குழம்பு ஆறி இறுகிய தீப்பாறை என்றே கொண்டார். ஆனால் அதனுள் இருக்கும் ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம் வேறொரு வரலாற்றுக்கும் இடந்தருகிறது. சாதாரணப் பாறைகளிலுள்ள கறுப்பு மைக்காவின் கட்டமைப்பிலேயே நீர் பொதிந்திருக்கும். பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் கீழே, 700 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், அம்மைக்கா குவார்ட்சுடன் வினைபுரிந்து நீரை இழக்கிறது; நீரற்ற ஹைப்பர்ஸ்தீன் பிறக்கிறது. பாறை முழுவதும் உருகவேண்டியதில்லை. மீண்டும் மேலே வருகையில் சேர்வதற்கு நீர் போதாமையால் பழைய மைக்கா பெரும்பாலும் திரும்புவதில்லை. ஆழத்தில் பெற்ற உருவம் அப்படியே தங்கிவிடுகிறது.

1960இல் பிச்சமுத்து கர்நாடகத்தின் கப்பால்துர்காவில் இதற்குக் கண்கூடான சான்று காட்டினார். அங்கே சாம்பல்நிற நைஸ் பாறையின் நடுவே கரும்பசுமைத் திட்டுகளாகச் சார்னோக்கைட் படர்ந்திருக்கிறது. இருந்த இடத்திலேயே ஒன்று மற்றொன்றாகும் நிலை. கரியமில வாயு மிகுந்த பாய்மங்கள் நீரை வெளியேற்றின என்ற கருத்து பின்னர் எழுந்தது. எல்லாச் சார்னோக்கைட்டுக்கும் இது பொருந்தாது. குழம்பிலிருந்து பிறந்தவையும் உண்டு. ஹாலண்டை முற்றிலும் ஒதுக்குவது நியாயமன்று என்பது என் கருத்து.

எவ்வாறு பிறந்திருப்பினும் ஆழம் பற்றிய சாட்சி மாறுவதில்லை. அடிப்பாறை அத்தனை ஆழத்தில் கிடக்கவேண்டுமானால் அதன்மேல் பெருஞ்சுமை இருந்திருக்கவேண்டும். நிலத்தட்டுகள் மோதி, மேலோடு மடிந்து தடித்து மலையாக எழும்போதே பொதுவாக அத்தகைய சுமை சேர்கிறது. சென்னைப் பகுதியில் அது நிகழ்ந்து ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மேலிருந்தவற்றை மழையும் காற்றும் கரைத்துவிட, எஞ்சிய அடிவேரின் ஒரு துண்டே சுமார் 300 அடி உயரமுள்ள பரங்கிமலை.

பரங்கிமலைச் சார்னோக்கைட் இன்று தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். பக்கத்துப் பல்லாவரத்துக் குன்றுகளிலோ பெரும்பகுதியை நாம் ஜல்லிக்காக உடைத்துவிட்டோம். அக்குழிகளில் மழைநீர் தேங்கி நிற்கிறது.